பில் வந்த பிறகு கூப்பிடுகிறவர்கள்

கரண்டு போனால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். அது பழைய வழக்கம். கரண்டு ஒழுங்காக இருக்கும்போதே கூப்பிடுவது சில வருடங்களாகத்தான் அதிகமாகியிருக்கிறது. "தம்பி, வீட்டுல எல்லாம் நல்லாத்தான் ஓடுது. பில்லு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. ஒரு எட்டு வந்து பாருங்களேன்" என்பார்கள். உறையூர், புத்தூர், பாலக்கரை, எடமலைப்பட்டிபுதூர் என்று திருச்சிக்குள் நான் வேலை பார்க்கிற பகுதிகளில், ரீடிங் எடுத்துவிட்டுப் போன வாரத்தில் இந்த அழைப்புகள் சேர்ந்தாற்போல வரும்.

இப்படிக் கூப்பிடுகிறவர்களில் ஊதாரி என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கணக்குப் பார்த்துச் செலவு செய்கிறவர்கள்தான் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடாது. டிவி பார்க்கும்போது லைட் எரியாது. அப்படியும் பில் ஏறினால் பழி வீட்டுக்குள்ளேயே யார் மேலாவது விழுகிறது. பேரன் ராத்திரி இரண்டு மணி வரை கம்ப்யூட்டர் பார்க்கிறான் என்பார் தாத்தா. மாமியார் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார் என்பாள் மருமகள். நான் டெஸ்டரும் கையுமாக நிற்கும்போதே சண்டை ஆரம்பித்துவிடும். என் அனுபவத்தில் இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை தேவையே இல்லாதவை. எல்லாரும் ஸ்விட்சையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பில் ஏறுகிற இடம் வேறு.

நான் இந்த வேலைக்கு வந்தபோது, ரீப்பர் கட்டையில் கிளிப் அடித்து வயர் ஓட்டுகிற காலம் முடிந்து பிவிசி பைப் வந்துகொண்டிருந்தது. நடுத்தர வீடு என்றால் ஹாலில் ஒரு டியூப் லைட், அறைக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பு, இரண்டு ஃபேன், ஒரு மிக்ஸி. 40 வாட் டியூப்புக்குப் பழைய சோக் மட்டுமே இன்னும் 12, 15 வாட் தின்னும். ஃபேன் ரெகுலேட்டர் ஒரு பெரிய பெட்டியாக போர்டில் உட்கார்ந்திருக்கும். வேகத்தைக் குறைத்தால் குறைகிற கரண்டில் ஒரு பங்கு அந்தப் பெட்டிக்குள்ளேயே சூடாகிப் போய்விடும். தேவையில்லாத லைட்டை அணை என்ற பாடம் அந்த வீட்டுக்குப் பொருந்தியது. அணைத்தால் கணக்கில் தெரிந்தது.

இன்றைக்கு அதே ஹாலில் 9 வாட் எல்இடி பல்பு எரிகிறது. 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்படியென்றால் அந்தப் பல்பைத் தினமும் இரண்டு மணி நேரம் கூடுதலாக அணைத்துவைத்தால் இரண்டு மாதத்தில் மிச்சமாவது ஏறக்குறைய ஒரு யூனிட். சுமார் ஐந்து ரூபாய். கண் ஆபரேஷன் முடிந்து வந்த பெரியவர் ஒருவர், பில்லுக்குப் பயந்து ராத்திரியில் லைட் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டு பாத்ரூம் போவதை அவர் மனைவி சொல்லி அழுதார். அவரிடம் இந்த ஐந்து ரூபாய்க் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன செலவாகும் என்பதையும் சொன்னேன். இந்த விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. மின்சாரத்தை மிச்சம் பிடியுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதை மிச்சம் பிடித்தால் எத்தனை யூனிட் குறையும் என்று ஒருவரும் உட்கார்ந்து சொல்வதில்லை. அதனால் வயசானவர்கள் இருட்டில் உட்காருகிறார்கள், மே மாதத்து மத்தியானத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு விசிறியை எடுக்கிறார்கள்.

நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மீட்டர் பெட்டியைத் திறப்பதில்லை. ஈபி அட்டை இருந்தால் கொண்டுவரச் சொல்வேன். இல்லையென்றால் போனில் பழைய பில்களை எடுக்கச் சொல்வேன். ரூபாயைப் பார்க்காமல் யூனிட்டை மட்டும் ஒரு வரிசையில் எழுதுவேன். பாதி வீடுகளில் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். யூனிட் ஏறியிருக்காது. சில வீடுகளில் இறங்கியே இருக்கும். ஏறியது விலை.

இதைக் கணக்காகச் சொன்னால்தான் புரியும். இரண்டு மாதத்துக்கு 480 யூனிட் ஓடுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபேன், ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார், கிரைண்டர், வாஷிங் மெஷின், ஏசி கிடையாது. நம் ஊரில் சாதாரணமாகப் பார்க்கிற வீடு. 2016-இல் வந்த 100 யூனிட் இலவசம் இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் உண்டு. 2022 செப்டம்பருக்கு முன்னால் இந்த வீட்டுக்கு நிலைக் கட்டணம் 30 ரூபாயையும் சேர்த்து 1,070 ரூபாய். அந்தச் செப்டம்பரில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணத்தை மாற்றியது. நிலைக் கட்டணம் போனது, ஸ்லாப் விலை ஏறியது. அதே 480 யூனிட்டுக்கு 1,605 ஆனது. 2024 ஜூலையில் மறுபடி ஏறி 1,679. வீட்டில் ஒரு பல்பு கூடவில்லை, பில் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது.

இப்போது அந்த வீட்டுக்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பத்தில் ஒரு பங்கைக் குறைக்கிறார்கள் என்று வையுங்கள். 432 யூனிட். பில் ஏறக்குறைய 1,377 ரூபாய். பழைய 1,070-ஐவிட 300 ரூபாய் அதிகம். மிச்சம் பிடித்தும் ஏறுதே என்று அவர்கள் கேட்பது பொய்யில்லை. பழைய பில்லுக்குத் திரும்பவேண்டுமென்றால் 377 யூனிட்டுக்கு வரவேண்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தால்தான் முன்னே கட்டிய காசையே கட்டலாம். இதை நான் விளக்கிச் சொன்னதும் பல வீடுகளில் ஒரு அமைதி வந்துவிடும். பில் குறைந்துவிடாது. ஆனால் யார் மேலும் தப்பில்லை என்று தெரிகிறதே, அதுவே அந்த வீட்டுக்கு வேண்டியிருக்கிறது.

500-ஐத் தாண்டுவது இன்னொரு தொல்லை. 2024 ஜூலைக் கட்டணப்படி, 500 யூனிட் வரை ஓடிய வீட்டுக்கு 101-இலிருந்து 200 வரை உள்ள யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 பைசா. 501 ஆகிவிட்டால் அந்த 2.35 வரிசையே போய்விடும். அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 போடுவார்கள். 500-க்கு 1,805 ரூபாய், 501-க்கு 2,048 ரூபாய் 40 பைசா. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்.

இதில் ரீடிங் எடுக்கிற தேதியும் சேர்ந்துகொள்கிறது. தினமும் 8 யூனிட் ஓடுகிற வீட்டுக்கு 60-ஆவது நாளில் ரீடிங் எடுத்தால் 480. நாலு நாள் தள்ளி வந்தால் 512. பில் 1,679-க்குப் பதிலாக 2,140 ரூபாய் 80 பைசா. அடுத்த தடவை 56 நாளில் வந்து சரிசெய்துவிடுவார்களே என்று கேட்கலாம். அப்போது 448 யூனிட், 1,477 ரூபாய் 40 பைசா. இரண்டையும் கூட்டிப் பார்த்தால், ஒழுங்காக 60 நாளுக்கு எடுத்திருந்தால் கட்டவேண்டியதைவிட 260 ரூபாய் கூடுதல். அந்த வீட்டில் யாரும் ஒரு ஸ்விட்சையும் கூடுதலாகப் போடவில்லை. மாதாமாதம் ரீடிங் எடுக்கும் முறை வரும் என்று 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக வாக்குறுதி கொடுத்தது. என் பகுதியில் இன்னும் இரண்டு மாதக் கணக்குதான். நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வது ஒன்றுதான். ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். 60 நாள் ஆகிற அன்றைக்கு நீங்களே மீட்டரைப் போட்டோ எடுத்துவையுங்கள். தேதி தள்ளிப்போய் 500-ஐத் தாண்டியிருந்தால் அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லைவிட அதற்கு மதிப்பு உண்டு.

இனி, யூனிட்டே ஏறியிருக்கிற வீடுகள். இங்கேதான் எலக்ட்ரீஷியனுக்கு வேலை.

புத்தூர் பக்கம் கீழ்வீட்டில் தனியாக இருக்கிற அம்மா ஒருவர். குடும்ப ஓய்வூதியத்தில் வாழ்கிறவர். அவருக்கு இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்தான் வரும், 188 ரூபாய் கட்டுவார். அது திடீரென்று 410 யூனிட் ஆகி, 1,238 ரூபாய் பில் வந்தது. அடுத்த பில்லும் அதே அளவில் வந்தது. அவர் ஃபிரிட்ஜை ராத்திரியில் நிறுத்த ஆரம்பித்திருந்தார். பால் திரிந்துபோனது. ஃபேனை மத்தியானத்தில் போடுவதையும் நிறுத்தியிருந்தார். மாடியில் வாடகைக்கு இருக்கிறவர்கள் தன் மீட்டரிலிருந்து கரண்டு எடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு அவர்களிடம் பேச்சையும் நிறுத்தியிருந்தார். மீட்டர் ஓட்டம் தப்பு என்றும் நினைத்தார். கட்டணம் கட்டி மனு கொடுத்தால் மீட்டரைச் சோதித்துப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்ல, அதற்கும் தயாராக இருந்தார்.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுறேம்மா" என்று சொல்லிவிட்டு மெயின் போர்டுக்குப் போய் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினேன். கீழ்வீடு முழுக்க நின்றது. மீட்டரில் சிவப்பு விளக்கு நிற்கவில்லை. மினுக்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் எர்த் என்று போட்டிருக்கிற சின்ன விளக்கும் எரிந்தது.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லவேண்டும். இதே கோளாறை மாடி போர்ஷன் உள்ள வேறு வீடுகளிலும் பார்த்திருக்கிறேன், யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டுக்குள் கரண்டு ஃபேஸ் வயரில் வந்து நியூட்ரல் வயரில் திரும்பிப் போகிறது. போனதும் வந்ததும் சமமாக இருக்கவேண்டும். பழைய தட்டு சுற்றுகிற மீட்டர் ஒரு வயரைத்தான் அளக்கும். நியூட்ரலை விட்டுவிட்டுத் தரையில் எர்த் அடித்துத் திருடுகிறவர்கள் அதை ஏமாற்றினார்கள். அதைத் தடுக்கத்தான் இப்போதைய எலக்ட்ரானிக் மீட்டர் இரண்டு வயரையும் அளக்கிறது. இரண்டில் எது அதிகமோ அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. திருடனைப் பிடிக்க நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு தப்பும் செய்யாத வீட்டில் நியூட்ரல் கலந்துபோயிருந்தால் அதே ஏற்பாடு அந்த வீட்டுக்காரர் தலையில் வந்து விழுகிறது.

டாங் டெஸ்டரை எடுத்து ஃபேஸ் வயரில் மாட்டினேன். ஃபியூஸ் இல்லை, அதனால் பூஜ்யம். நியூட்ரல் வயரில் மாட்டினேன். மூன்று ஆம்பியருக்கு மேல் காட்டியது. ஃபேஸே இல்லாத வீட்டின் நியூட்ரலில் மூன்று ஆம்பியர். மாடிக்குப் போய், ஏசியைக் கொஞ்ச நேரம் நிறுத்தமுடியுமா என்று கேட்டேன். நிறுத்தினார்கள். கீழே டாங் டெஸ்டரில் எண் விழுந்தது. மறுபடி போடச் சொன்னேன். ஏறியது.

மாடிப்படிக்கு அடியில் ஒரு ஜங்ஷன் பெட்டி. சுண்ணாம்பு அடித்து மூடியே தெரியாமல் இருந்தது. மொட்டைமாடியில் புது அறை கட்டியபோது, மாடி வீட்டு மெயினிலிருந்து நியூட்ரல் இழுக்கத் தூரம் என்று நினைத்து, பக்கத்தில் ஓடிய கீழ்வீட்டு நியூட்ரலோடு யாரோ முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். ஃபேஸ் மட்டும் மாடி மீட்டரிலிருந்து. அந்த அறையில் ஏசி போடாதவரைக்கும் இது பெரிதாகத் தெரியவில்லை. ஏசி வந்ததும் அதன் கரண்டு திரும்பிப் போகும்போது கீழ்வீட்டு நியூட்ரல் வழியாகவே போயிற்று. மாடி மீட்டர் ஃபேஸை அளந்து முழுக் கணக்கையும் அவர்களிடம் வாங்கிவிட்டது. கீழ் மீட்டர் நியூட்ரலை அளந்து அதையே இந்த அம்மாவிடமும் வாங்கியது. ஒரே கரண்டுக்கு இரண்டு மீட்டரில் காசு. யாரும் திருடவில்லை. மாடி வீட்டுக்காரப் பெண், "நாங்க எங்க பில்ல ஒழுங்கா கட்டிட்டுத்தானே இருக்கோம் அண்ணே, அவங்க மூஞ்சி குடுத்தே பேசமாட்டேங்குறாங்க" என்று என்னிடம் சொன்னார். உண்மைதான், அவர்கள் கட்டியது முழுக் காசு.

முறுக்கைப் பிரித்து, மாடி மெயினிலிருந்து தனி நியூட்ரல் இழுத்துக் கொடுத்தேன். ஒரு நாள் வேலை. கீழே ஃபியூஸைப் பிடுங்கினால் சிவப்பு விளக்கு நின்றது. "அப்ப நான் கட்டுன காசு திரும்பி வருமா தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். வராது. மீட்டருக்குப் பிறகு உள்ள வயரிங் வீட்டுக்காரர் பொறுப்பு. அதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் அதைவிட மாடிப் பெண்ணிடம் என்ன பேசுவது என்றுதான் கவலைப்பட்டார்.

இதைப் படிக்கிறவர்கள் தங்கள் வீட்டில் செய்துபார்க்கலாம். மெயினை முழுதாக நிறுத்திவிட்டு மீட்டர் விளக்கைப் பாருங்கள், மினுக்கிக்கொண்டே இருந்தால் நியூட்ரல் கலந்திருக்கலாம். சில மெயின் ஸ்விட்ச் இரண்டு வயரையும் வெட்டிவிடும். அப்போது இது தெரியாது, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை டாங் டெஸ்டரோடு வரச் சொல்லவேண்டும். கரண்டு கசிந்தால் தானாக வெட்டிவிடுகிற ஆர்சிசிபி, மாட்டிய பிறகு காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருந்தால் அதுவும் நியூட்ரல் கலந்திருப்பதற்கு ஒரு அடையாளம். பல வீடுகளில் இது தொல்லை என்று ஆர்சிசிபியைக் கழற்றச் சொல்கிறார்கள். கழற்றித் தருகிறவர்களும் இருக்கிறார்கள். உயிரைக் காப்பாற்றுகிற சாமானை அப்படிக் கழற்றக்கூடாது.

மீட்டர் விளக்கு நல்ல சாட்சி. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று அச்சடித்திருக்கும். 3200 என்று இருந்தால், 75 வாட் ஃபேன் ஒன்று மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு நாலு தடவை மினுக்கும். நாலுக்குப் பதிலாக ஆறு மினுக்கினால் அந்த ஃபேனைப் பார்க்கவேண்டும். காயில் எரிந்து, மலிவுக் கம்பியில் ரீவைண்டிங் செய்த ஃபேன்கள் அப்படி இழுக்கும். தொட்டால் மோட்டார் சுடும், காற்றும் வராது. இரண்டு தடவைக்கு மேல் ரீவைண்டிங் செய்த ஃபேனை நான் திரும்ப மாட்டித் தருவதில்லை.

இன்வெர்ட்டர் பேட்டரியைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 2008-இலிருந்து மின்வெட்டு, 2012-இல் அதன் உச்சம். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால் எங்கள் ஊர்ப்பக்கம் பாதி நாள் இருக்காது. அந்த வருடங்களில்தான் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏறியது, நானே ஏராளமாக மாட்டியிருக்கிறேன். இன்று அவ்வளவு வெட்டு இல்லை. இன்வெர்ட்டர் மட்டும் மாடிப்படி அடியில் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கிறது. பேட்டரி கிழடாகி, தண்ணீரும் ஊற்றாமல் விட்டால் அது எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிறையாது. வாங்கிய கரண்டைச் சூடாக மாற்றிக்கொண்டேயிருக்கும். கே.கே.நகரில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டில் பிளக்கில் சொருகுகிற வாட் மீட்டரை இன்வெர்ட்டருக்கு முன்னால் மாட்டிவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த ஒரு நாளில் மின்வெட்டே இல்லை, ஆனாலும் 1.4 யூனிட் காட்டியது. இரண்டு மாதத்துக்கு 84 யூனிட். அவர் ஸ்லாப்புக்கு அது 500 ரூபாய்க்கு மேல். "சார், பேட்டரி பக்கத்துல கையை வச்சுப் பாருங்க" என்றேன். வைத்துப் பார்த்தார், அடுப்புப் பக்கம் போல அனல். மூன்று வருடமாக வீட்டில் எல்லாரையும் லைட் அணைக்கச் சொல்லிக் கத்தியிருக்கிறார். நல்ல பேட்டரியாக இருந்தால் நிறைந்ததும் இழுப்பது ரொம்பக் குறைந்துவிடும்.

மோட்டாரும் அப்படித்தான். ஒரு ஹெச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்டுக்கு மேல். கோடையில் நிலத்தடி நீர் இறங்கினால் அதே தொட்டியை நிரப்ப அதிக நேரம் ஓடும். அதற்கு நாம் ஒன்றும் செய்யமுடியாது. ஆனால் கழிவறை ஃப்ளஷ் டேங்கில் வால்வு கசிந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மேல்தொட்டி இறங்கும், மோட்டார் கூடுதலாக ஓடும். யாரும் கரண்டு பில்லையும் ஃப்ளஷ் டேங்கையும் சேர்த்து யோசிப்பதில்லை. டேங்கில் ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போட்டுவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். அழுத்தாமலே கீழே மஞ்சள் வந்தால் கசிவு. பிளம்பர் வேலை, எனக்கு அதில் வருமானம் இல்லை. ஆனாலும் எல்லா வீட்டிலும் இதைச் சொல்கிறேன்.

புது மீட்டர் வேகமாக ஓடுகிறது என்ற புகாரும் ஒன்று. தட்டு மீட்டர் பழசானால் உராய்வில் மெதுவாகும், சின்ன லோடு அதற்குத் தெரியாது. எலக்ட்ரானிக் மீட்டருக்கு எல்லாம் தெரியும். செட்டாப் பாக்ஸ் 10, 15 வாட், வைஃபை பெட்டி 8, 10 வாட். நாள் முழுக்க ஓடுகிற இந்த இரண்டும் சேர்ந்து இரண்டு மாதத்தில் 30 யூனிட்டுக்குப் பக்கத்தில் போகும். டிவியை ரிமோட்டில் நிறுத்தினால் செட்டாப் பாக்ஸ் நிற்காது.

உண்மையில் பில்லைக் குறைக்கிற மாற்றம் எது என்று கேட்டால், ஏசி இல்லாத வீட்டுக்கு நான் ஃபேனைத்தான் சொல்வேன். 75 வாட் ஃபேன் மூன்று, தினம் 16 மணி நேரம் என்றால் 3.6 யூனிட். அதையே 30 வாட் பிஎல்டிசி ஃபேனாக மாற்றினால் 1.44. இரண்டு மாதத்தில் 130 யூனிட் மிச்சம். நான் சொன்ன 480 யூனிட் வீடு 350-க்கு வந்துவிடும், பில் 1,679-இலிருந்து 940. போட்ட காசு இரண்டு, இரண்டரை வருடத்தில் திரும்பிவிடும். அதற்குக் கையில் முதலில் எட்டாயிரம், ஒன்பதாயிரம் வேண்டும். அது இருக்கிறவர்கள் மாற்றிவிடுகிறார்கள். இல்லாதவர்கள் இருக்கிற ஃபேனையே நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறார்கள். 2015-இலிருந்து எல்இடி பல்பை மலிவு விலையில் கொடுத்து நாடு முழுக்க குண்டு பல்பைப் பெருமளவு குறைத்தார்கள். ஃபேனுக்கும் அதே வேகத்தில் செய்யவேண்டும். அதைச் செய்யாமல் மக்களிடம் சிக்கனம் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

எல்லாவற்றையும்விட மோசமாகப் பாதிக்கப்படுகிறவர்கள் ஒரே சர்வீஸில் பல குடித்தனம் இருக்கிற வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்கள். பாலக்கரையில் ஒரு வீடு. நாலு போர்ஷன், ஒரு மீட்டர், உள்ளே நாலு சப் மீட்டர். குடும்பத்துக்கு 200 யூனிட் என்று வைத்தால் மொத்தம் 800. தனித்தனி சர்வீஸாக இருந்தால் ஒரு குடும்பம் கட்டவேண்டியது 235 ரூபாய், நாலு பேருக்கும் சேர்த்து 940. ஒரே சர்வீஸில் 800 யூனிட்டுக்கு வருகிற பில் 4,770. 100 யூனிட் இலவசம் நாலு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரு தடவைதான் கழிகிறது, மேல் யூனிட்டெல்லாம் 8.40, 9.45 என்று ஏறிப்போகிறது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார். ஒரு குடும்பத்துக்கு 1,600. அந்தப் போர்ஷன்களில் ஏசி கிடையாது. ஒரு வீட்டில் ஃபிரிட்ஜும் கிடையாது. சிக்கனம் என்பதற்கு அவர்களிடம் இனி மிச்சம் எதுவும் இல்லை.

அங்கே ஒரு போர்ஷனில் இருக்கிற பெண், துணிக்கடையில் வேலை பார்க்கிறவர், இந்தக் கணக்கை என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் காட்டினார். வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, "நாலு சர்வீஸ் வாங்கினா எனக்கு என்ன செலவாகும்?" என்று கேட்டார். புதுச் சர்வீஸுக்கு வைப்புத்தொகை, மீட்டர் போர்டு, கேபிள், என் கூலி எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். வாடகைக்காரர்கள் ஒரு பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தனிக் குடித்தனம் என்று காட்டத் தனிச் சமையலறையும் தனி வாசலும் கேட்பார்கள். முன்னால் இருக்கிற இரண்டு போர்ஷனுக்கு அது இருக்கிறது. பின்னால் இருக்கிற இரண்டுக்கும் ஒரே நடை. அங்கே ஒரு கதவு வைத்துத் தடுப்புக் கட்டினால் வழி பிறக்கும். கொத்தனாரை அழைத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறேன். முன் இரண்டு போர்ஷனுக்கு மனு ஏற்கெனவே போட்டாகிவிட்டது.